அடியில் தங்கியது

எஸ்டேட் ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் நீர் எந்தப் பாட்டிலில் வந்து சேரும் என்று சொல்ல முடியாது. குளுக்கோஸ் பாட்டிலில் வரும், இருமல் மருந்துப் பாட்டிலில் வரும், ஒருமுறை ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் வந்தது. மூடியைச் சுற்றி பிளாஸ்டர் ஒட்டி, அதன்மேல் பெயரும் வயதும் எழுதி, காலை முதல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து விடுவார்கள். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து அதை வாங்கி வருவது லேபில் புதிதாகச் சேர்ந்தவரின் வேலை. 1992-இல் அந்தப் புதியவள் நான்.

நெஞ்சில் நீர் கோத்தவர்கள், வயிற்றில் நீர் கோத்தவர்கள். ஊசி போட்டு இறக்கிய அந்த நீரைக் குழாயில் ஊற்றி, சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுற்றவிட்டால் கனமானதெல்லாம் அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த நீரைக் கொட்டிவிட்டு, அடியில் இருப்பதை ஸ்லைடில் தடவி, சிலதை ஈரமாகவே ஆல்கஹாலில் போட்டு, சிலதைக் காற்றில் உலரவிட்டு, சாயம் ஏற்றி, கோயம்புத்தூரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வரும் பேத்தாலஜிஸ்ட் மேசையில் வைக்க வேண்டும். படிப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். குழாயின் அடியில் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். அதைப் பிளீச்சிங் வாளியில் கவிழ்த்துவிட்டுக் குழாயைக் கழுவி வைப்பேன். கழுவிய குழாய் பளபளவென்று இருக்க வேண்டும் என்பதில் எனக்கு அப்போது பெருமை.

அந்த டிசம்பரில் ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் நெஞ்சு நீர் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டும் தொழிலாளி. ஆறு ஸ்லைடு போட்டேன். டாக்டர் அவற்றை வெகுநேரம் பார்த்தார். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையின் செல்கள் புற்றில்லாத அழற்சியிலும் கொதித்துப் பெருத்து, குவியல் குவியலாக உதிர்ந்து புற்றுசெல் போலவே வேடம் காட்டும். ஸ்லைடில் தடவிய செல்கள் சிதறியும் குவிந்தும் கிடக்குமே தவிர, உடம்புக்குள் எப்படி அடுக்கி நின்றன என்பது தெரியாது. அவர் கண்ணை எடுத்துவிட்டு, "அடியில் இருந்தது மிச்சம் இருக்காம்மா?" என்றார்.

"கொட்டிட்டேன் சார்."

அவர் திட்டவில்லை. 'மறுமுறை நீர் எடுத்து அனுப்பவும்' என்று ரிப்போர்ட்டில் எழுதினார். எஸ்டேட் டிஸ்பென்சருக்குக் கடிதம் போனது. அந்த மனிதர் வரவில்லை. மறுபடியும் ஊசி, மறுபடியும் ஒரு நாள் கூலி, இறங்கி ஏற பஸ் செலவு. ஏன் வரவில்லை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருடைய எண் மட்டும் ரிஜிஸ்டரில், ரிசல்ட் காலியாக, பல வருடம் இருந்தது.

அன்று மாலை எங்கள் சீனியர் டெக்னீஷியன் என்னைக் கூப்பிட்டார். மேட்டுப்பாளையத்துக்காரர். அவரை நாங்கள் சார் என்போம், அவர் எங்களை அம்மிணி என்பார். "தண்ணியக் கொட்டலாம் அம்மிணி. அடியில தங்குனது தண்ணியில்ல, ஆளு. அதைக் கொட்டிப்போட்டு அவரைத் திரும்ப வரச் சொல்றதுக்கு நாம யாரு?" என்றார். பிறகு, "நாளைக்கு எட்டு மணிக்கு வா. கட்டி போடச் சொல்லித் தர்றேன்" என்றார்.

கட்டி என்று அவர் சொன்னது செல் பிளாக்கை. நீரில் மிதக்கும் செல்களை ஒன்றுசேர்த்து உறைய வைத்து, ஒரு சதைத் துண்டை எப்படிப் பதம் செய்வோமோ அப்படியே பதம் செய்து மெழுகில் புதைத்துவிடுவது. பிறகு அதை வேண்டிய அளவு மெல்லிய சீவலாகச் சீவிக்கொள்ளலாம். புதிய வித்தை ஒன்றுமில்லை. 1896-இலேயே பாரன்பர்க் என்ற மருத்துவர் புற்றுநோயாளிகள் இருவரின் வயிற்று நீரை இப்படிச் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். ஃபார்மலின் திசுவைப் பதம் செய்யும் என்று ஃபெர்டினாண்ட் ப்ளூம் கண்டு அப்போது 3 வருடம்தான் ஆகியிருந்தது. குன்னூரிலும் மெழுகுச் சீவல் பழைய தொழில்தான். வெறிநாய் கடித்தவர்கள் கசௌலி வரை போக வேண்டியிருந்த நாளில், 1907-இல் இங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் திறந்தது. நாயின் மூளையைச் சீவி, நெக்ரி என்பவர் கண்ட வெறிநோயின் சிவப்புத் துகள்களைத் தேடிய ஊர் இது. பிறகு மக்காரிசன் என்ற மருத்துவர் இங்கே எலிகளுக்கு வகைவகையான சாப்பாடு போட்டு, அவற்றின் குடலையும் சுரப்பிகளையும் சீவிப் பார்த்தார். அவருடைய ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. சீவல் வெட்டும் கை மட்டும் மலையிலேயே ஆளுக்கு ஆள் கைமாறி நின்றது. எங்கள் சார் தனக்குக் கத்தி தீட்டச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பழைய ஆட்களில் ஒருவரிடம் பழகியவர் என்பார். அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

முதல் பாடம், பொறுமையாக ஊற்றுவது. சுற்றி முடித்த குழாயில் நீரை வடித்து, மேலாக இருக்கும் வெளிர்நிறப் படலத்திலிருந்து ஸ்லைடுக்கு இரண்டு சொட்டு எடுத்தாயிற்று. மிச்சத்தின் மேல் ஃபார்மலினை நேராக ஊற்றினால் அடி கலங்கிவிடும். குழாயைச் சாய்த்து, சுவரோரமாக, கண்ணாடியில் மழைநீர் வழிவது போல இறக்க வேண்டும். ஒரு இரவு விட்டால் அடி இறுகும். காலையில் மெல்லிய கரண்டியால் நெம்பினால், கூம்பு வடிவில், பயத்தம்பருப்பு அளவில் ஒரு உருண்டை வரும். வராமல் தூளாக உதிர்ந்தால் வேறு வழி பார்க்க வேண்டும்.

வேறு வழி என்றால் பிளாஸ்மா. ரத்த வங்கியில் நாள் கடந்த பிளாஸ்மாவில் சில சொட்டு, அதே அளவு த்ராம்பின். இரண்டும் சேர்ந்தால் காயத்தில் ரத்தம் உறைவது போலவே குழாய்க்குள்ளும் உறையும். செல்களெல்லாம் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்ளும். குழாயைச் சாய்த்தால் கடற்பாசி போல வழுக்கி வந்து விழும். ஆனால் ஃபார்மலின் பட்ட செல்லோடு இது நடக்காது, ஃபார்மலின் உறைதலைத் தடுத்துவிடும். உறைய வைத்த பிறகுதான் ஃபார்மலின். நான் ஒருமுறை வரிசையை மாற்றிவிட்டு அரைமணி நேரம் குழாயை ஆட்டிக்கொண்டிருந்தேன். சார் எதுவும் பேசாமல் வந்து, குழாயை வாங்கி, உப்புநீரில் நாலு தடவை அலசிச் சுற்றிவிட்டு, திரும்பப் பிளாஸ்மா விட்டார். இளகலாகத்தான் உறைந்தது, ஆனாலும் உறைந்தது.

மூன்றாவது அகர் அகர். இங்கேதான் எங்கள் மலை தன் வேலையைக் காட்டும். புத்தகத்தில் கொதிக்கும் நீரில் அகரை உருக்கு என்றிருக்கும். கடல்மட்டத்தில் எழுதிய புத்தகம். குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் குறைவு. அகர் உருகும்தான், ஆனால் மெதுவாக, அடியில் நூல் நூலாகக் கரையாமல் நின்று சோதிக்கும். உருகியதைக் கொண்டுவந்து குழாயில் விடுவதற்குள் குளிர்ந்த கண்ணாடி பட்டு உறைந்துவிடும், செல்லோடு கலக்காது. அதனால் குழாயையும் முதலில் வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கிக்கொள்வோம். ரொம்பச் சூடானால் செல் வெந்துபோகும். உள்ளங்கையில் பிடித்துப் பார்த்து, குழந்தைக்குப் பால் ஆற்றும் சூடு இருந்தால் சரி என்பார் சார்.

குளிர் எங்களுக்குச் செய்த தொல்லை அது மட்டுமில்லை. ஜனவரியில் உறைபனி விழும் வாரங்களில் ஃபார்மலின் ஜாடியின் அடியில் வெள்ளையாகப் பூத்துப் படிந்துவிடும். ஃபார்மால்டிஹைடு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திடமாகிவிடுகிறது. அந்தத் திரவத்தில் பலம் இருக்காது, அதில் போட்ட திசு உள்ளே அழுகும். அதனால் ஃபார்மலின் ஜாடிக்கு அலமாரியில் இடமில்லை. மெழுகு உருக்கும் ஓவனுக்குப் பக்கத்துச் சுவரோரம், கம்பளி சுற்றி இருக்கும். மூடுபனி நாட்களில் ஸ்லைடு காயவே காயாது. காய்ந்துவிட்டது என்று நம்பிச் சாயத்தில் இறக்கினால் சீவல் கழன்று மிதந்து போகும்.

குளிரால் நல்லதும் உண்டு. கீழே கோயம்புத்தூரில் மெழுகுக் கட்டியை ஐஸ் மேல் வைத்துத்தான் வெட்டுவார்கள், நாங்கள் ஜன்னல் திண்டில் வைத்தால் போதும். ஆனால் அளவு மீறிக் குளிர்ந்தால் மெழுகு கண்ணாடி போலாகிவிடும். கத்தி பட்டதும் சீவல் சுருளும், நொறுங்கும். அப்போது கட்டியின் முகத்தருகே குனிந்து வாயைத் திறந்து ஒரு மூச்சு விட வேண்டும். கண்ணாடியைத் துடைக்க ஹா என்று ஊதுவோமே, அதேபோல. அந்த வெப்பத்திலும் ஈரத்திலும் மெழுகு இளகி, அடுத்த சுற்றுக்குச் சீவல் நாடா போல நீண்டு வரும். உலகமெங்கும் சீவல் வெட்டுபவர்கள் செய்வதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அது சார் மட்டும் அறிந்த மந்திரமாகத் தெரிந்தது. யாரோ ஒருவரின் நெஞ்சிலிருந்து வந்ததன் மேல் என் மூச்சு படுகிறது என்ற நினைப்பு முதல் நாள் முழுக்க இருந்தது. இன்றும் போகவில்லை.

பயத்தம்பருப்பு அளவு உருண்டையைத் தொலைக்காமல் வைத்திருப்பது தனிக் கவலை. ஆல்கஹால் 70-லிருந்து படிப்படியாக ஏற்றி நீரை வெளியேற்றி, சைலீனில் தெளிய வைத்து, 60 டிகிரி மெழுகுக்குள் இறக்கும்வரை எத்தனை ஜாடி மாற வேண்டும். எந்த ஜாடியிலும் அது கரைந்தோ நழுவியோ போய்விடலாம். அதனால் மெல்லிய தாளில் பொட்டலமாக மடித்துக் காசெட்டில் போடுவோம். லென்ஸ் துடைக்கும் தாள் தீர்ந்துபோன ஒரு மாதம், டீ பேக் தாள் வாங்கி வந்து பயன்படுத்தினோம். தேயிலையை உள்ளே வைத்து நீரை மட்டும் விடும் தாளுக்கு இந்த வேலை இயல்பாகவே வந்தது. எங்கள் ஊரில் அந்தத் தாளுக்கா பஞ்சம். உருண்டையின் மேல் இயோசின் சாயம் ஒரு சொட்டு விடுவதும் சார் காட்டியதுதான். வெள்ளை மெழுகில் வெள்ளைத் துணுக்கைக் கண் தேடிக் களைத்துவிடும். இளஞ்சிவப்பாக இருந்தால் பித்தளை எல் வடிவ அச்சில் மெழுகு ஊற்றும்போது எது மேல், எது கீழ் என்று தெரியும். வெட்டும்போது முகத்தைச் சமன் செய்கிறேன் என்று ஆழமாகச் சீவித் தள்ளவும் மாட்டோம். சின்னக் கட்டியில் பொருள் முழுதும் முதல் சில சீவல்களிலேயே இருக்கும்.

சார் 2001-இல் ஓய்வு பெற்றார். போகும்போது மேசை விளிம்பில் மாட்டிக் கையால் சுற்றும் பழைய சென்ட்ரிஃபியூஜைக் கழித்துக்கட்ட விடாமல், எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, கீழ் அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். எட்டு வருடம் நான் அதைத் தொடவில்லை.

2009 நவம்பர் மழையை நீலகிரியில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மண் சரிந்து மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் போனார்கள். மேட்டுப்பாளையம் சாலை இடத்துக்கு இடம் அறுந்தது. மலை ரயில் மாதக்கணக்கில் ஓடவில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கும் வார்டுக்கும்தான்.

மழைக்கு முதல் நாள் ஒரு அம்மா மூச்சுத்திணறலோடு சேர்ந்திருந்தார். 46 வயது. இலங்கை மலையகத்தில் பிறந்து, சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிறுமியாகக் கப்பலேறி வந்தவர்களில் ஒருவர். அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை தரவென்று 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தார். பீடி, சுருட்டு எதுவும் தொட்டதில்லை. இரண்டு மாதமாகக் காசநோய் மாத்திரை சாப்பிட்டும் நீர் மறுபடி மறுபடி கோத்தது. இந்த மலையில் நெஞ்சு நீருக்குக் காசநோய் காரணமாவது சாதாரணம், அதனால் அந்தச் சந்தேகத்தில் தவறில்லை. மூச்சுக்காக அன்று ஒரு லிட்டருக்கு மேல் நீர் இறக்கினார்கள். ரத்தம் கலந்து, தேநீர் நிறத்தில் இருந்தது.

நீர் தங்காது. ஃபிரிட்ஜ் இல்லாமல் இரண்டு நாளில் செல்கள் உடைந்து கரையத் தொடங்கும். கீழே அனுப்பப் பாதையில்லை. துணியைப் பிரித்து அந்தக் கை சென்ட்ரிஃபியூஜை மேசையில் முடுக்கினேன். ஒரு தடவைக்கு நாலு குழாய். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நானும் வார்டு ஆயாவும் மாற்றி மாற்றிச் சுற்றினோம். சிவப்பணுக்கள் அடியெல்லாம் மூடிக்கொள்ளாமல் அசிட்டிக் அமிலம் நாலு சொட்டு விட்டு உடைத்து, அலசி, திரும்பச் சுற்றி, எல்லாக் குழாயின் அடியையும் ஒன்றில் சேர்த்தேன். பிளாஸ்மாவைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கினேன். த்ராம்பின் விட்டுக் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றேன். வெளியே எங்கோ மண் சரியும் சத்தம், லாரி கல் கொட்டுவது போலக் கேட்டது. அரை நிமிடம், ஒரு நிமிடம். குழாயைச் சாய்த்தேன். உறைந்திருந்தது.

மறுநாள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. திசுவைப் பதம் செய்யும் பிராசசர் ஓடாது, எப்போது கரண்ட் வரும் என்றும் தெரியாது. ஃபார்மலினிலேயே விட்டுவிடுவதுதான் எளிது. ஆனால் நாள்கணக்கில் ஃபார்மலினில் கிடந்தால் செல்லின் புரதங்கள் இறுகிப் பூட்டிக்கொள்ளும், பின்னால் யாராவது நுட்பமான சோதனை செய்ய நினைத்தால் கதவு திறக்காது. 24 மணி நேரம் ஆனதும் எடுத்து 70 சதவீத ஆல்கஹாலில் போட்டேன். அங்கே அது காத்திருக்கும். கேட்டுச் செய்ய ஆள் இல்லாததால் நானே செய்தேன்.

ஐந்து நாள் கழித்துக் கரண்ட் வந்தது. மெழுகில் இறக்கி, வெட்டி, ஹெமட்டாக்சிலின் இயோசின் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ரிப்போர்ட் சொல்வது என் வேலையில்லை. ஆனால் இத்தனை வருடம் பார்த்த கண். ஸ்லைடில் வெறும் குவியலாகத் தெரிந்தவை இங்கே வளையம் வளையமாக, நடுவில் வெற்றிடம் விட்டு, சுரப்பி போல அணிவகுத்து நின்றன. காசநோய் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வார்டுக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். என்னை யாரென்று தெரியாமல், "மழ விட்ருச்சா பிள்ள?" என்று கேட்டார். விட்டுவிட்டது என்றேன்.

பாதை திறந்ததும் டாக்டர் வந்து பார்த்தார். சில சீவல்கள் கோயம்புத்தூர் போயின. டிடிஎஃப்-1 சாயத்தில் செல்களின் உட்கரு பழுப்பாக நிறமேறியது, ஊற்று நுரையீரல்தான் என்றது. மூன்று வாரம் கழித்து மகள் லேபுக்கு வந்தாள். கையில் கோயம்புத்தூர் புற்றுநோய் டாக்டரின் கடிதம், கட்டியையே கேட்டு. ஈஜிஎஃப்ஆர் மரபணுச் சோதனைக்கு. புகைபிடிக்காத ஆசியப் பெண்களின் நுரையீரல் புற்றில் அந்த மரபணுவில் மாற்றம் அதிகம் காணப்படுகிறது. மாற்றம் இருந்தால் அதற்கென்று மாத்திரை உண்டு என்பது 2004-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. என்னைப் பொறுத்தவரை எங்கள் லேபிலிருந்து அப்படி ஒரு கட்டி போனது அதுவே முதல் தடவை.

அலமாரியிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். வெள்ளை மெழுகில் ஒரு இளஞ்சிவப்புப் புள்ளி.

"இதுவாக்கா? அன்னைக்கு அம்மாவுக்கு எடுத்தாங்களே, அந்தத் தண்ணியா?"

"அதுல இருந்ததும்மா."

"திரும்ப ஊசி போட வேண்டாமா?"

"வேண்டாம்."

அவள் அதைக் கைக்குட்டையில் முடிந்து ஜாக்கெட்டுக்குள் வைக்கப் போனாள். உடம்புச் சூட்டில் மெழுகு இளகிவிடும் என்று சொல்லி, டப்பாவில் போட்டு, பஞ்சு வைத்து, பையில் மேலாக வைக்கச் சொன்னேன். கோத்தகிரி வழியாகப் பஸ் போய்க்கொண்டிருந்தது. அவள் போன பிறகு ரிஜிஸ்டர்களில் 1992-ஐத் தேடி எடுத்து அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாற்றம் இருந்தது. தினம் ஒரு மாத்திரை. நீர் கோப்பது நின்றது. அடுத்த வருடம் முழுக்க அந்த அம்மா கொழுந்துக்குப் போனதாக மகள் சொன்னாள். ஒருநாள் வந்து தோட்டத்துப் பலாச்சுளை கொடுத்துவிட்டுப் போனாள். மொத்தம் இரண்டு வருடமும் சில மாதமும். பிறகு நோய் திரும்பியது, மாத்திரைக்கு அடங்கவில்லை.

கட்டி கூரியரில் எங்களிடமே திரும்பி வந்தது, முன்னைவிட மெலிந்து, முகம் குழிந்து. எண்ணைப் பார்த்து அதன் இடத்தில் வைத்தேன்.

2021-இல், நான் வேலையை விடும் வருடம், பத்து வருடத்துக்கு மேற்பட்ட கட்டிகளைக் கழித்துக்கட்டச் சொன்னார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணும் நானும் உட்கார்ந்து இழுப்பறை இழுப்பறையாகப் பிரித்தோம். 2009 நவம்பர் வந்தபோது அந்த எண்ணை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பு வெளுத்திருந்தது. இன்னும் பத்துப் பன்னிரண்டு சீவல் வரும். "இது என்னக்கா?" என்றாள் அந்தப் பெண். தள்ளிவைத்த குவியலில் போடாமல் அதை அவள் பக்கத்து இழுப்பறையில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கச் சொன்னேன்.